கட்டாயமில்லாத கட்டுரை: எழுதுவதா, விடுவதா?

2012-ஆம் ஆண்டு பாஸ்டன் கல்லூரி தன் விண்ணப்பத்தில் 400 சொற்களுக்கு ஒரு கூடுதல் கட்டுரையைச் சேர்த்தது. அதற்கு முந்தைய ஆண்டு அங்கே விண்ணப்பித்தவர்கள் சுமார் 34,000 பேர். கட்டுரை வந்த ஆண்டில் எண்ணிக்கை 25,000 அளவுக்கு இறங்கிவிட்டது. ஒரே ஒரு கட்டுரைக்காக நாலில் ஒருவர் விலகிக்கொண்டார். பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரிக்கும் ஏறத்தாழ அதே காலத்தில் இதே அனுபவம். கூடுதல் கட்டுரைகளால் விண்ணப்பங்கள் குறைகின்றன என்று கண்டதும், அடுத்த பருவத்திலேயே இரண்டு கட்டுரைகளை ஒன்றாக்கி, அதன் நீளத்தையும் குறைத்தார்கள்.

அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பங்களில் ‘விருப்பமிருந்தால் எழுதலாம்’ என்ற குறிப்போடு வருகிற கட்டுரைகள் ஏன் இவ்வளவு பெருகின என்பதற்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது. விண்ணப்பம் குவிந்தால் சேர்க்கை விகிதம் குறையும். குறைந்த விகிதம் அங்கே ஒரு கௌரவம். யு.எஸ். நியூஸ் கல்லூரித் தரவரிசை 2018-இல் அந்த விகிதத்தைத் தன் கணக்கிலிருந்து நீக்கிவிட்டது, கௌரவம் மட்டும் நீங்கவில்லை. அதே நேரத்தில் கல்லூரிக்கு இன்னொரு கவலையும் உண்டு: இடம் கொடுத்தால் இந்தப் பிள்ளை வருமா, வேறு எங்காவது போய்விடுமா? காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில் ஒரு மாணவர் 20 கல்லூரிகள் வரை சேர்க்கலாம். 2024–25 பருவத்தில் சுமார் 15 லட்சம் மாணவர்கள் அதன் வழியாக ஒரு கோடிக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை அனுப்பினார்கள். இந்தக் கூட்டத்தில் யாருக்கு உண்மையான நாட்டம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கட்டுரையைக் கட்டாயமாக்கினால் கூட்டம் குறைகிறது. எடுத்துவிட்டால் நாட்டம் தெரியாமல் போகிறது. கட்டாயமில்லை என்று சொல்லி ஒரு பெட்டியைத் திறந்து வைத்தால் இரண்டும் கிடைக்கும். விண்ணப்பமும் குறையாது, எழுதியவர் யார், எழுதாதவர் யார் என்பதும் தானாகத் தெரிந்துவிடும். சல்லடை கல்லூரியின் கையில் இருக்கிறது, சலித்த பழி மட்டும் அதன் மேல் விழுவதில்லை. எல்லாக் கல்லூரிகளும் இப்படித் திட்டமிட்டுச் செய்கின்றன என்று நான் சொல்லவில்லை. திட்டமிடாமல் செய்தாலும் விளைவு இதுதான்.

இந்தக் குழப்பம் தமிழ்க் குடும்பங்களுக்குக் கூடுதலாகவே இருப்பதில் வியப்பில்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வுகூடக் கிடையாது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப். அதை வைத்துத் தரவரிசை, தரவரிசையை வைத்துக் கவுன்சலிங். விண்ணப்பத்தில் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று யாரும் கேட்பதில்லை. இந்த ஏற்பாட்டில் வளர்ந்து, இன்று அமெரிக்காவின் எடிசனிலும் ஃபிரிமாண்டிலும் பிள்ளை வளர்க்கிற பெற்றோர் ‘கட்டாயமில்லை’ என்ற குறிப்பை இரண்டு விதமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு தரப்பு, கேட்காததை ஏன் எழுத வேண்டும் என்று விட்டுவிடுகிறது. இன்னொரு தரப்பு, இடம் இருக்கிறதா, நிரப்பு என்கிறது. வினாத்தாளில் ஒரு கேள்வியையும் காலியாக விடக் கூடாது என்று பழகிய தரப்பு அது. இரண்டுமே சில இடங்களில் சரி, சில இடங்களில் தவறு. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் நேரடியாக இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களுக்கும் இதே கதைதான். 2023–24-இல் அமெரிக்காவில் இருந்த 3.3 லட்சம் இந்திய மாணவர்களில் இளநிலையில் படித்தவர்கள் சுமார் 36,000 பேர். எண்ணிக்கை சிறியது, அப்போது ஏறிக்கொண்டிருந்தது.

விண்ணப்பத்தில் ‘ஆளுமை’யை ஏன் பார்க்கத் தொடங்கினார்கள் என்ற வரலாறு அழகானது அல்ல. 1920-கள் வரை ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மூன்றிலும் தேர்வில் தேறினால் பெரும்பாலும் இடம் கிடைத்தது. தேர்வில் தேறிய யூத மாணவர்களின் எண்ணிக்கை உயர்ந்ததும் நிர்வாகங்கள் பதறின. 1922-இல் ஹார்வர்டின் தலைவர் லாரன்ஸ் லோவெல் யூதர்களுக்கு உச்சவரம்பு வைக்கலாம் என்று வெளிப்படையாகவே முன்மொழிந்தார்; எதிர்ப்பு கிளம்பியது. சில ஆண்டுகளில் அதே வேலையைக் குணநலன், குடும்பப் பின்னணி, நிழற்படம், நேர்காணல், பரிந்துரைக் கடிதம் ஆகியவை சத்தமில்லாமல் செய்து முடித்தன. சமூகவியலாளர் ஜெரோம் கராபெல் 2005-இல் வெளியிட்ட ‘தி சோசன்’ என்ற நூலில் இந்த வரலாற்றை ஆவணங்களோடு எழுதியிருக்கிறார். மதிப்பெண்ணுக்கு வெளியே எதைக் கேட்டாலும் அது ஒருவரை உள்ளே விடவும் பயன்படும், வெளியே நிறுத்தவும் பயன்படும். இன்று ஒரு பெட்டியை நிரப்புவதா என்று பதினேழு வயதுப் பிள்ளை யோசிக்கும்போது இந்த நூறாண்டுப் பின்னணி அதற்குத் தெரிய வேண்டியதில்லை. பெற்றோருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

இப்போது பெட்டிகளைப் பார்ப்போம். எல்லாவற்றிலும் ஒரே குறிப்பு இருந்தாலும் அவை ஒரே வகை அல்ல.

போட்டி மிகுந்த கல்லூரிகள் தங்கள் தனி விண்ணப்பத்தில் ஒரு கேள்வியைக் கொடுத்து, தலைப்பையும் சொல்லி, சொல் வரம்பும் வைத்து, கட்டாயமில்லை என்று போட்டிருந்தால், அதை எழுத வேண்டும். இதில் எனக்கு ஐயமே இல்லை. டியூக் பல்கலைக்கழகம் 2023-இல் கட்டாயக் கட்டுரை ஒன்றைக் கேட்டுவிட்டு, மேலும் சில கேள்விகளைத் தந்து, விரும்பினால் இரண்டுக்கு 250 சொற்களில் பதில் எழுதலாம் என்றது. நார்த்வெஸ்டர்னும் அதே ஆண்டில் ஒரு கட்டாயக் கட்டுரைக்குப் பிறகு ஐந்து கேள்விகளை வைத்து, ஒன்றுக்கோ இரண்டுக்கோ 200 சொற்களில் எழுதச் சொன்னது. இப்படிப்பட்ட இடங்களில் நூறு பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேருக்குக்கூட இடம் இல்லை. விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோருக்கு மதிப்பெண் உயரத்தில்தான் இருக்கும். மற்றவர் எல்லாம் எழுதியிருக்கும்போது ஒருவர் விட்டிருந்தால், வாசிப்பவர் அதைக் குற்றமாக எண்ண மாட்டார். ஆனால் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேச அவரிடம் ஒரு பக்கம் குறைவாக இருக்கும். தேர்வுக் குழுவில் உங்கள் பிள்ளைக்காக வாதாட வேண்டியவர் அவர்தான்.

ஹார்வர்டின் கதை இதை இன்னும் தெளிவாக்குகிறது. பல ஆண்டுகளாக அங்கே ஒரு விருப்பக் கட்டுரை இருந்தது. விண்ணப்பத்தின் மற்றப் பகுதிகளில் சொல்ல வாய்ப்புக் கிடைக்காத ஏதேனும் முக்கியமாக இருந்தால் எழுதலாம் என்பது அதன் சாரம். விவரம் தெரிந்த பள்ளிகளில் ஆலோசகர்கள் அதைக் கட்டாயக் கட்டுரையாகவே பாவித்தார்கள். விவரம் தெரியாத பள்ளியில் படித்த பிள்ளை அதை உள்ளபடியே நம்பி விட்டுவிட்டது. 2023-இல் ஹார்வர்டு அந்த விருப்பக் கட்டுரையை எடுத்துவிட்டு, எல்லோரும் எழுத வேண்டிய ஐந்து குறுங்கேள்விகளை வைத்தது. ஒவ்வொன்றுக்கும் 200 சொற்கள். அடுத்த ஆண்டு 150 ஆகக் குறைத்தார்கள்.

‘எங்கள் கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்’ என்ற கேள்வி இந்த வகையிலேயே சற்று வேறு. நியூ ஆர்லியன்ஸில் உள்ள டுலேன் பல்கலைக்கழகம் இதைப் பல ஆண்டுகள் விருப்பக் கேள்வியாக வைத்திருந்தது. அங்கே நாட்டத்துக்கு மதிப்பு உண்டு என்பது ஆலோசகர்கள் வட்டத்தில் ஊரறிந்த செய்தி. இப்படிப்பட்ட இடத்தில் பெட்டியைக் காலியாக விடுவது, பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதுபோல. அதைவிட மோசமானது, ஒரு கல்லூரிக்கு எழுதியதைப் பெயர் மாற்றி இன்னொன்றுக்கு அனுப்புவது. பெயர் மாற்ற மறந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கல்லூரியின் ஒரு பாடத்திட்டம், ஓர் ஆய்வகம், ஒரு பேராசிரியரின் வேலை, ஏதேனும் ஒன்றைக் குறித்து உண்மையாகச் சொல்ல 150 சொற்கள்கூட இல்லை என்றால், அங்கே விண்ணப்பிப்பதையே மறுபடி யோசிக்கலாம்.

இதற்கு நேர் எதிரானது ‘கூடுதல் தகவல்’ என்ற பெட்டி. காமன் ஆப்பில் எல்லோருக்கும் உண்டு. 650 சொற்கள் வரை எழுத இடம் இருந்தது. 2025–26 பருவத்திலிருந்து முதலாண்டு மாணவர்களுக்கு 300 ஆக வெட்டிவிட்டார்கள். பிள்ளைகள் அதில் இரண்டாவது தன்வரலாற்றுக் கட்டுரை எழுதி நிரப்பியது தெரிந்த விஷயம். அதன் பக்கத்திலேயே சூழ்நிலைகளையும் சவால்களையும் சொல்ல 250 சொற்களுக்கு இன்னொரு பெட்டி. 2020-இல் கோவிட் காலத்துக்கென்று வந்தது, இப்போது பொதுவானதாக மாறியிருக்கிறது. இந்த இரண்டு பெட்டிகளிலும் எழுத விஷயம் இருந்தால் மட்டும் எழுத வேண்டும். விஷயம் இல்லாமல் எழுதுவது வாசிப்பவரின் பொறுமையைச் செலவழிக்கிறது.

விஷயம் என்றால் எது? இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், நம் பிள்ளைகள் அதிகம் தவறவிடுவது இங்கேதான்.

அரங்கேற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காமன் ஆப்பில் பத்துச் செயல்பாடுகள் வரை பட்டியலிடலாம், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள், இடைவெளிகளையும் சேர்த்து. எட்டு, பத்து ஆண்டுகள் பரதம் பயின்று, இரண்டு மணி நேரத்துக்கும் மேல் தனியாக மேடையில் ஆடி, அலாரிப்பிலிருந்து தில்லானா வரை ஒரு முழு மார்க்கத்தை முடித்த பெண் அதை 150 எழுத்தில் சொன்னால், ஒஹையோவில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு அது பள்ளி ஆண்டு விழா நடனம்போலத் தெரியும். அரங்கேற்றம் என்றால் என்ன, அதற்கு எவ்வளவு பயிற்சி, யார் முடிவு செய்கிறார்கள் என்று கூடுதல் தகவலில் மூன்று வரி போதும். உணர்ச்சி வேண்டாம், மேடைக்குப் பின்னால் அழுத கதை வேண்டாம். அந்தக் கதையை ஏற்கெனவே ஆயிரம் பேர் முதன்மைக் கட்டுரையில் எழுதிவிட்டார்கள்.

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவருக்கு இந்தப் பெட்டி வேறு ஒரு வேலையும் செய்கிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் விண்ணப்பத்தோடு ‘பள்ளிக் குறிப்பு’ என்ற ஒன்றை அனுப்பும்: பள்ளியில் என்ன பாடங்கள் உண்டு, மதிப்பெண் எப்படிப் போடுவார்கள், உயர்ந்த மதிப்பெண் எத்தனை பேருக்கு வரும். நம் ஊரில் மிகப் பெரும்பாலான பள்ளிகளில் அதற்கென ஓர் ஆலோசகரே கிடையாது. தலைமையாசிரியர் நல்ல மனதோடு ஒரு கடிதம் கொடுப்பார். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2017–18-இல் வந்தது, 2025–26 முதல் நீக்கப்பட்டது. ஒரே பள்ளியில் படித்த அக்காவின் மதிப்பெண் பட்டியலில் அரசுத் தேர்வுத்துறையின் மதிப்பெண் இருக்கும், தம்பிக்குப் பள்ளி கொடுத்தது மட்டும் இருக்கும். இந்த மாதிரி ஒரு வேறுபாட்டை வெளிநாட்டு வாசிப்பாளர் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. யாரும் சொல்லவில்லை என்றால் பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ விண்ணப்பித்தவர்களுக்கு இது இன்னும் கூர்மையான தேவை. 2022-ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. பெறுபேறுகள் அந்த ஆண்டு செப்டம்பரில் வந்தன. பொருளாதார நெருக்கடியும் அதற்கு முந்தைய கோவிட் முடக்கமும் சேர்ந்து ஒரு தலைமுறை மாணவர்களின் நாள்காட்டியைக் குலைத்துவிட்டன. விண்ணப்பத்தில் அது காரணமில்லாத ஓராண்டு இடைவெளியாகத் தெரியும். இரண்டு வாக்கியத்தில் திகதிகளோடு சொன்னால் தீர்ந்தது.

வீட்டுப் பொறுப்பையும் இங்கேதான் சேர்க்க வேண்டும். பள்ளி முடிந்ததும் பெட்ரோல் பங்க் கடையில் அப்பாவுக்குப் பதிலாக நிற்கிற பையன், டயாலிசிஸுக்குப் போகும் பாட்டியை வாரம் மூன்று முறை அழைத்துப் போகிற பெண், இவர்கள் தங்கள் விண்ணப்பத்தில் ‘செயல்பாடுகள் குறைவு’ என்று வெட்கப்படுகிறார்கள். வீட்டில் செய்வதைப் போய் வெளியில் சொல்வதா என்பது நம் வளர்ப்பு. அமெரிக்க விண்ணப்பத்தில் குடும்பப் பொறுப்பு என்பது செயல்பாடுகளில் ஒரு தனி வகையாகவே இருக்கிறது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த ஆண்டிலிருந்து, அதனால் எது முடியாமல் போனது என்று எழுதுங்கள். மதிப்பெண் ஒரு பருவத்தில் சரிந்திருந்தால் அந்தப் பருவத்தில் என்ன நடந்தது என்று எழுதுங்கள், பிறகு எப்படி மீண்டது என்பதையும். சாக்கு என்று நினைப்பார்களோ என்ற பயம் வேண்டாம். காரணம் தெரியாத சரிவைப் பற்றி வாசிப்பவர் தானாக ஒரு காரணத்தை ஊகித்துக்கொள்வார், அது பெரும்பாலும் உண்மையை விட மோசமாக இருக்கும்.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கூடுதல் தகவல் பெட்டியின் எடை இன்னும் கூடுதல். அங்கே எட்டுக் கேள்விகளில் நான்குக்கு, ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள் எழுத வேண்டும், அது கட்டாயம். ஆனால் பொதுவாகப் பரிந்துரைக் கடிதம் வாங்குவதில்லை, எஸ்ஏடி என்ற பொதுத் தேர்வின் மதிப்பெண்ணையும் பார்ப்பதில்லை. ஆசிரியர் சொல்லக்கூடியதையும் பிள்ளையே சொன்னால்தான் உண்டு.

முதுநிலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வரி. எம்பிஏ விண்ணப்பங்களில் விருப்பக் கட்டுரைக்கு வழக்கம் வேறு: இடைவெளி, குறைந்த மதிப்பெண், நேரடி மேலாளரிடம் ஏன் பரிந்துரை வாங்கவில்லை என்பது போன்ற விளக்கத்துக்கு மட்டுமே அது. அங்கே சாதனைகளை அடுக்கினால் எரிச்சல்தான் மிஞ்சும். எம்எஸ்ஸுக்கு எஸ்ஓபி என்ற நோக்கக் கட்டுரை எழுதுகிற பொறியியல் மாணவர்கள் இரண்டாம் ஆண்டு அரியர்களை அந்த எஸ்ஓபியின் நடுவில் நுழைத்து அதன் ஓட்டத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். தனிப் பெட்டி இருந்தால் அரியரை அங்கே நாலு வரியில் முடித்துவிட்டு, எஸ்ஓபியில் படிப்பைப் பற்றிப் பேசலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, இதெல்லாம் தேவையே இல்லாத கல்லூரிகள்தான் அமெரிக்காவில் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். நாம் பேசுவது ஐம்பது, அறுபது பெயர்களைப் பற்றி. நாடு முழுக்க உள்ள பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோரைச் சேர்த்துக்கொள்கின்றன. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் பொதுச் சேர்க்கைக்குக் கட்டுரையே கேட்பதில்லை. அதன் பாரெட் ஆனர்ஸ் கல்லூரிக்கு மட்டும் வேண்டும். ஐடஹோ மாநிலம் 2015-இலிருந்து விண்ணப்பிக்கும் முன்பே மாணவர்களுக்கு இடம் உண்டு என்று கடிதம் அனுப்புகிறது. இப்படிப்பட்ட இடங்களில் விருப்பக் கட்டுரையைச் சேர்க்கைக்காக எழுத வேண்டியதில்லை. உதவித்தொகைக்கோ ஆனர்ஸுக்கோ அதே கட்டுரையை எடுத்துப் பார்ப்பார்களா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். பார்ப்பார்கள் என்றால் அந்த ஒரு மாலை நேரத்துக்குக் கிடைக்கிற கூலி பெரியது.

அடையாளத்தைப் பற்றிய கேள்விகள்தான் இன்று தொட்டால் சுடுகிற பகுதி. ஹார்வர்டு வழக்கில் 2023 ஜூன் 29-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடை செய்தது. அதே தீர்ப்பில், இனம் தன் வாழ்க்கையை எப்படித் தொட்டது என்று ஒரு மாணவர் எழுதினால் அதைப் படிப்பதற்குத் தடை இல்லை என்றும், அது அந்த மாணவரின் தனிப்பட்ட குணத்தோடோ திறனோடோ இணைந்திருக்க வேண்டும் என்றும் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார். அந்த வாசல் வழியாகத்தான் ‘உங்கள் பின்னணி’, ‘உங்கள் சமூகம்’ என்ற கேள்விகள் அடுத்த சில மாதங்களில் வரிசையாக வந்தன. 2025 ஜூலையில் அமெரிக்க நீதித்துறை, இத்தகைய கேள்விகளை இனத்துக்கு மறைமுக மாற்றாகப் பயன்படுத்தினால் அதுவும் சட்டவிரோதமாகலாம் என்று வழிகாட்டல் வெளியிட்டது. கருத்து வேறுபாடு கொண்டவரோடு எப்படிப் பேசினீர்கள் என்று கேட்கிற கேள்விகள் இப்போது பெருகியிருக்கின்றன.

அதே வழக்கின் விசாரணையில், ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கு ஹார்வர்டு கொடுத்த ‘ஆளுமை’ மதிப்பீடு சராசரியாகக் குறைந்திருந்தது என்ற புள்ளிவிவரம் வெளிவந்தது. அன்றிலிருந்து பல இந்தியக் குடும்பங்களில் ஒரு பயம்: நம் அடையாளத்தை மறைத்துவிடலாமா? தமிழ்ப் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருந்ததைச் சொல்லலாமா, கோயில் வேலையைச் சொல்லலாமா? என் கருத்து, மறைப்பதற்கென்று ஒரு பிள்ளையைப் பழக்குவது இடம் கிடைப்பதைவிடப் பெரிய நட்டம். ஆனால் ‘நான் இரண்டு பண்பாடுகளுக்கு நடுவில் நிற்கிறேன்’ என்ற பொதுப்படையான கட்டுரையை விருப்பப் பெட்டியில் எழுதுவதாலும் பயன் இல்லை. ஏதேனும் ஒரு நிகழ்ச்சி இருக்க வேண்டும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ழகரம் வராத ஆறு வயதுக் குழந்தையோடு ஒரு பருவம் முழுக்க மல்லுக்கட்டிய பெண்ணுக்கு எழுத விஷயம் இருக்கிறது. வகுப்புக்குப் போய்வந்தவருக்கு இல்லை, விட்டுவிடலாம்.

இத்தனைக்கும் இந்தக் கட்டுரைகளை யாராவது படிக்கிறார்களா? படிக்கிறார்கள், வேகமாக. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2013 வாக்கில் ஒரு முறையைத் தொடங்கியது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே விண்ணப்பத்தைத் திறப்பார்கள். ஒருவர் மதிப்பெண்களையும் பள்ளியையும் பார்க்க, மற்றவர் கட்டுரைகளைப் பார்ப்பார், பேசி முடிவெடுப்பார்கள். இந்த முறையைக் கைக்கொண்ட சில கல்லூரிகள் ஒரு விண்ணப்பத்தை எட்டு நிமிடத்துக்குள் முடிக்கின்றன என்று 2018-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. எட்டு நிமிடத்தில் ஒரு விருப்பக் கட்டுரைக்கு எத்தனை நொடி வரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் எழுதாதே என்று நான் சொல்ல வரவில்லை. முதல் இரண்டு வரிகளில் விஷயத்துக்கு வா என்கிறேன். வானிலை வருணனையோடு தொடங்குகிற பழக்கத்தைப் பள்ளிக் கட்டுரைப் போட்டியோடு விட்டுவிட வேண்டும்.

யாருக்கு இந்தக் கட்டுரைகளால் லாபம் என்ற கேள்விக்கும் ஆய்வுகள் உண்டு. 2016 நவம்பரில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு வந்த 60,000 விண்ணப்பங்களின் 2,40,000 கட்டுரைகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கணினி கொண்டு அலசினார்கள். கட்டுரையின் பொருளும் நடையும் குடும்ப வருமானத்தோடு கொண்டிருந்த தொடர்பு, எஸ்ஏடி மதிப்பெண்ணுக்கும் வருமானத்துக்கும் இருந்த தொடர்பைவிட வலுவாக இருந்தது. ஆய்வு 2021-இல் வெளியானது. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் உடன் ஆய்வாளர்களும் 2023-இல் காட்டியது இன்னொன்று: அமெரிக்காவின் உச்ச 1 விழுக்காட்டுக் குடும்பப் பிள்ளைகள், அதே தேர்வு மதிப்பெண் பெற்ற நடுத்தரக் குடும்பப் பிள்ளைகளைவிட ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி வகைக் கல்லூரிகளில் சேர இரண்டு மடங்குக்கும் மேல் வாய்ப்புப் பெற்றிருந்தார்கள். கல்வி சாராத மதிப்பீடுகள் அதற்கு ஒரு காரணம்.

‘விருப்பம்’ என்று விட்டுவிட்டால் ஏழைக்கு நல்லது என்று நினைப்பவர்கள் டார்ட்மத் கல்லூரியின் அனுபவத்தைப் பார்க்க வேண்டும். கோவிட் காலத்தில் எஸ்ஏடி மதிப்பெண்ணை விரும்பினால் கொடுக்கலாம் என்றார்கள். பின்னர் அங்குள்ள பேராசிரியர்களே தரவுகளை ஆராய்ந்தபோது, வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்து 1400-க்கு மேல் வாங்கிய மாணவர்கள் பலர் அதைக் கொடுக்காமல் மறைத்திருந்தது தெரிந்தது. கொடுத்திருந்தால் அவர்களுக்கு உதவியிருக்கும். போதாது என்று அவர்கள் தாங்களாக முடிவு செய்துவிட்டார்கள். போதும் என்று சொல்ல அருகில் ஆள் இல்லை. 2024 பிப்ரவரியில் டார்ட்மத் தேர்வு மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கியது. விருப்பக் கட்டுரைக்கு இப்படி ஒரு கணக்கெடுப்பை நான் பார்த்ததில்லை, ஆனால் நடப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும். மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஆலோசகர் வைத்திருக்கும் வீட்டில் எந்தப் பெட்டி உண்மையிலேயே விருப்பம், எது பெயருக்கு விருப்பம் என்று தெரியும். மற்ற வீட்டில் தெரியாது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு எல்லாக் கட்டுரைகளின் மதிப்பும் ஆட்டம் கண்டிருக்கிறது. 2024 தொடக்கத்தில் டியூக் கட்டுரைகளுக்கு எண் மதிப்பீடு போடுவதை நிறுத்திவிட்டது. கட்டுரையைப் படிப்பார்கள், எழுத்துத் திறனுக்குப் புள்ளி கிடையாது, எழுதியது யார் என்று உறுதியாகத் தெரியாதபோது எப்படிப் போடுவது? செயற்கை நுண்ணறிவு எழுதியதைத் தன்னுடையதாக அனுப்புவது மோசடி என்று காமன் ஆப் 2023-இல் தன் விதிகளில் சேர்த்தது. யோசிக்கத் துணையாகப் பயன்படுத்தலாம், எழுதி வாங்கக் கூடாது என்று ஜார்ஜியா டெக் சொல்கிறது. விருப்பக் கட்டுரையைப் பொறுத்தவரை இதன் பொருள் எளிது. இயந்திரம் எழுதிக்கொடுக்கக் கூடிய ஒன்றாக இருந்தால் அந்தப் பெட்டியைக் காலியாக விடுவதே மேல். டயாலிசிஸ் மையத்தின் காத்திருப்பு நாற்காலியில் வேதியியல் படித்த பெண்ணின் புதன்கிழமையை எந்த இயந்திரமும் தானாக அறியாது.

நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பன்னிரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிற பிள்ளை கட்டாயக் கட்டுரைகளே இருபது, முப்பது எழுத வேண்டியிருக்கும். அதோடு பன்னிரண்டாம் வகுப்புப் பாடமும் இருக்கிறது. எல்லா விருப்பப் பெட்டியையும் நிரப்பச் சொல்லும் பெற்றோர், பிள்ளையின் நல்ல கட்டுரைகளிலிருந்து நேரத்தைத் திருடி மோசமான கட்டுரைகளுக்குக் கொடுக்கிறார்கள். பட்டியலிலிருந்து மூன்று கல்லூரிகளை எடுத்துவிட்டு, மீதியுள்ளவற்றின் பெட்டிகளை ஒழுங்காக எழுதுவது பெரும்பாலான வீடுகளில் சரியான முடிவாக இருக்கும்.

காமன் ஆப் ஒவ்வொரு ஆகஸ்ட் 1-ஆம் தேதியும் புதிய பருவத்துக்குத் திறக்கிறது. உங்கள் வீட்டில் விண்ணப்பிக்கிற பிள்ளை இருந்தால், அந்த வாரத்திலேயே பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரியின் ‘காமன் டேட்டா செட்’ அறிக்கையைத் தேடி எடுங்கள். அதன் சி7 பகுதியில் கட்டுரைக்கும் மாணவரின் நாட்டத்துக்கும் எவ்வளவு முக்கியத்துவம் தருகிறோம் என்று கல்லூரியே நான்கு படிகளில் குறித்திருக்கும். நாட்டத்தைக் கருதுவதில்லை என்று போட்டிருந்தால் ‘ஏன் எங்கள் கல்லூரி’ என்ற விருப்பக் கேள்விக்காக இரவு விழிக்க வேண்டாம். அதிலும் தெளிவு கிடைக்காவிட்டால் சேர்க்கை அலுவலகத்துக்குப் பிள்ளையே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கட்டும். நீங்கள் அனுப்பாதீர்கள்.